தோட்டத்து வீட்டுப் பெரியவர்களுக்கு ரோபோ துணையா?

நொய்யல்கரை:
"ஜப்பானில் வயதானவர்களைப் பாரோ என்ற ரோபோ பார்த்துக்கொள்கிறது, இங்கேயும் வந்தால் பெத்தவங்க கவலை விட்டது" என்று பீளமேட்டார் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. பாரோ, சீல் குட்டி மாதிரி ஒரு ரோபோ. தடவினால் கண் சிமிட்டும், குரல் கொடுக்கும். சோறு போடாது, விழுந்தால் தூக்காது. குழந்தைக்கு வைக்கும் நிப்பிள் மாதிரி ஒன்றை அதன் வாயில் செருகிச் சார்ஜ் ஏற்ற வேண்டும். கண் மங்கிய ஆத்தா அதைச் செய்வாரா? யார் சார்ஜ் போடுவது?

பீளமேட்டார்:
2009-லேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை மருத்துவக் கருவியாக வகைப்படுத்தியது. மறதி நோய் உள்ளவர்களின் பதற்றம் தணிய முதியோர் இல்லங்களில் மடியில் கொடுக்கிறார்கள். உங்களுக்குச் சார்ஜர்தான் பெரிதாகத் தெரிகிறது!

நொய்யல்கரை:
முதியோர் இல்லத்தில் சார்ஜ் போட நர்ஸ் இருப்பார். சென்னிமலைத் தோட்டத்தில் யார் இருக்கிறார்? அதைச் சொல்லுங்க முதலில்.

கொடுமுடி அம்மிணி:
சார்ஜை விடுங்கண்ணா. எல்லிக்யூ என்று மேசைமேல் வைக்கிற கருவி இருக்கிறது. பிளக்கிலேயே இருக்கும், தானாகப் பேச்சுக் கொடுக்கும், மாத்திரை நேரம் சொல்லும். தனியாக இருக்கும் முதியவர்கள் 800 பேருக்கு மேல் கொடுப்பதாக நியூயார்க் மாநிலம் 2022-இல் அறிவித்தது. எங்கள் மாமனார் பகல் முழுக்க யாரிடமும் பேசுவதில்லை. அவருக்கு ஒரு குரல் கேட்டாலே போதும்.

நொய்யல்கரை:
கரண்ட் போனால்? மறுபடியும் அதேதான். யார் வந்து பார்ப்பது?

பல்லடத்தான்:
பேச்சுத்துணை அப்புறம். 2025-இல் சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதியைக் கொன்றார்களே, மறந்துவிட்டதா? முதலில் பேட்டரியோடு கேமரா, சைரன் வையுங்கள்.

கொடுமுடி அம்மிணி:
கேமராவா? எங்கள் சொந்தத்தில் ஒருவர் நடுவீட்டில் வைத்து, அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு அம்மா எத்தனை முறை டீ குடிக்கிறார் என்று கேட்கிறார். அந்த அம்மா சமையலறையை விட்டு வெளியே வருவதே இல்லை.

பல்லடத்தான்:
வாசலில் வைக்கச் சொன்னேன். நடுவீட்டில் என்று நான் எங்கே சொன்னேன்?

நொய்யல்கரை:
வாசலோ நடுவீடோ, அந்தப் பேட்டரிக்கும் சார்ஜ் போட ஆள் வேண்டுமே!

பீளமேட்டார்:
நீங்கள் பெங்களூரில் இருந்துகொண்டு ஆத்தாவைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். பொங்கலுக்காவது ஊருக்கு வந்தீர்களா?

நொய்யல்கரை:
என் வீட்டுப் பேச்சு இங்கே வேண்டாம்.