கஜா புயலில் தோப்பு போனவர்களுக்கு எப்படி உதவுவது?

தோட்டத்துப்பிள்ளை, சுங்கை சிப்புட், மலேசியா:
பேராவூரணிப் பக்கம் எங்கள் பாட்டி ஊர். 2018 நவம்பர் 16 விடியற்காலை அடித்த கஜாவில் சித்தப்பாவின் தென்னந்தோப்பு வேரோடு சாய்ந்துவிட்டது. இங்கே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) எல்லாரும் வெள்ளி (மலேசியப் பணம்) போட்டுச் சேர்த்திருக்கிறோம். தென்னங்கன்று வாங்கித் தரலாமா?

செம்பனைக்காரன்:
தம்பி, கன்றுக்கு அவசரமில்லை. முதலில் விழுந்த மரங்களை அகற்றக் கூலி கொடுங்கள். மட்கும் தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அப்புறம் புதுக் கன்றின் குருத்தைத் துளைக்கும். நம் செம்பனை (எண்ணெய்ப்பனை) மறுநடவிலும் இதே தொல்லைதான். கத்தரியால் வெட்டியதுபோல் ஓலை விரியும்போது வயிறு எரியும்.

பாகான் டத்தோ அக்கா:
நெட்டை ரகம் காய்க்க 6, 7 வருடம் ஆகும். குட்டை ரகமே 3, 4 வருடம். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே! ஊடுபயிராக உளுந்து, வாழை போடப் பணம் கொடுங்கள். வேதாரண்யம் பக்கம்போல் கடல்நீர் ஏறிய நிலமென்றால், நல்ல தண்ணீர் கட்டி வடித்து, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும்.

தோட்டத்துப்பிள்ளை:
சரி அக்கா. சித்தப்பாவிடம் பேசினேன். மரம் அறுக்க ஆள்தான் கிடைக்கவில்லையாம். செயின்சா பிடிக்கத் தெரிந்தவர் யாராவது பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா?