ஃபைட்டர் மீனுக்கு ஒரு செடித்தொட்டி: பட்டவர்கள் சொல்கிறோம்

மாடித்தோட்டக்காரி, வில்லிவாக்கம்

கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்கு அக்கா மகனுக்குத் துணையாகத்தான் போனேன். ஓர் அலமாரி முழுக்கச் சின்னச் சின்னப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஃபைட்டர். நடுவில் அட்டை செருகியிருந்தார்கள். கடைக்காரர் ஓர் அட்டையை உருவியதும் இரண்டு மீன்களும் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் மோதின. "இதற்குத் தொட்டியெல்லாம் எதற்கு அக்கா? ஊறுகாய் ஜாடி போதும்" என்றார். நம்பிவிட்டேன்.

நான்காம் நாளே அந்த நீல மீன் துடுப்புகளை மடித்துக்கொண்டு அடியில் கிடந்தது. காற்றைச் சுவாசிக்க இதற்குத் தனி உறுப்பு இருக்கிறது. அதனால் கெட்ட தண்ணீரிலும் உடனே சாகாது, அவ்வளவுதான். கழிவிலிருந்து வரும் அமோனியா செவுளை அரித்துக்கொண்டேதான் இருக்கும்.

ஓரடி நீள, அகல, உயரத்தில் ஒரு தொட்டி வாங்கினேன். மண் போக ஏறத்தாழ 20 லிட்டர் பிடித்தது. மாடியில் பத்து வருடமாகக் கத்தரியும் மஞ்சளும் வளர்ப்பவளுக்குச் செடி நடக் கற்றுத்தர வேண்டுமா என்ற திமிர் வேறு. கழுவிய ஆற்று மணலை இரண்டு அங்குலம் பரப்பி, அனுபியாஸ் என்ற நீர்ச்செடியின் தடித்த தண்டை மஞ்சள் கிழங்கைப் புதைப்பதுபோலவே புதைத்தேன். பத்தாம் நாள் ஓர் இலையைத் தொட்டேன், காம்போடு கையில் வந்துவிட்டது. தோண்டி எடுத்தால் தண்டு பாதி கூழாகி, அழுகிய வெங்காய நாற்றம். அந்தத் தண்டு மண்ணுக்கு மேலேதான் இருக்க வேண்டுமாம். நல்ல பாதியை வெட்டித் தையல் நூலால் ஒரு கருங்கல்லில் கட்டினேன். இன்று அதில் ஏழு இலைகள்.

கூடவே நட்ட இன்னொரு நீர்ச்செடி, கிரிப்டோகோரின், இன்னும் மோசம். ஒரே வாரத்தில் இலையெல்லாம் கரைந்து கண்ணாடிபோல ஆகிவிட்டது. பிடுங்கி எறியப் போனவள், இழுத்துப் பார்த்தேன், வேர் அசையவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

தொட்டி பக்குவப்பட ஐந்து வாரம் ஆனது. அதுவரை மீன் ஒரு வாளியில். இரண்டு நாளுக்கு ஒருமுறை, குளோரின் நீக்கிய தண்ணீரால் பாதியை மாற்றினேன். வெறும் தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகைத் தீனி போடுவதைப் பார்த்த மாமியார், "இல்லாத மீனுக்குப் படையலா?" என்று கேட்டார். தீனி அழுகி அமோனியா வரும்; ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும்; இன்னொன்று நைட்ரேட்டாக்கும்; செடி அதை உரமாக எடுத்துக்கொள்ளும். உரக்குழி போடுகிறவளுக்கு இது புரியாதா என்ன! அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் இல்லை என்றான பிறகே மீனை விட்டேன்.

முதல் இரவு பதினொரு மணிக்கு விளக்கைப் போட்டால், அனுபியாஸ் இலைமேல் ஒருக்களித்துக் கிடக்கிறது. போய்விட்டது என்றே நினைத்தேன். கண்ணாடியை விரலால் தொட்டதும், தூக்கம் கலைந்த பெரியவர்போல மெல்ல எழுந்து, மேலே போய் ஒரு வாய்க் காற்று குடித்துவிட்டு, அதே இலைக்குத் திரும்பிப் படுத்தது.

பாசிக்காரன், கோயம்புத்தூர்

செடி வைத்துப் பிழைத்தீர்கள். நான் முதலில் பிளாஸ்டிக் செடி வைத்தேன். ஒரு வாரத்தில் என் சிவப்பு மீனின் வால் கிழிந்த கொடியாகிவிட்டது. தண்ணீரைப் பீய்ச்சும் வடிகட்டி வேறு; பெரிய துடுப்பைத் தூக்கிக்கொண்டு அந்த வேகத்தில் பாவம் எத்தனை நேரம் நீந்தும்? இப்போது காற்று பம்பில் ஓடும் பஞ்சு வடிகட்டிதான்.

மூடியைப் பற்றி நீங்கள் எழுதவில்லையே. வயர் போக நான் விட்டிருந்த நான்கு விரல் சந்து வழியாக அது குதித்துவிட்டது. மேசைக்குப் பின்னால், ஒட்டடையும் தலைமுடியும் சுற்றிய சுருளாகக் கிடைத்தது. உடம்பில் ஈரம் இருந்ததால் பிழைத்தது. அந்த இடைவெளியை அடைத்துவிட்டேன். ஆனால் விளிம்புவரை தண்ணீர் நிரப்பக் கூடாது. மேலே வந்து மூச்சுவிட இரண்டு அங்குலமாவது வேண்டும்.

ஓடைக்கரை, கண்டி

வில்லிவாக்கம் அக்கா, உங்கள் செடி கிரிப்டோகோரின் வென்டியாக இருந்தால் அது எங்கள் தீவுக்கே உரியது! பண்ணைகளில் பெரும்பாலும் இலை காற்றில் இருக்கும்படிதான் வளர்ப்பார்கள். தண்ணீருக்குள் போனதும் அந்த இலை பயன்படாது. கரைந்துபோய், நீரிலே வாழத் தக்க இலை புதிதாக வரும். வேரை நம்பி விட்டீர்களே, அதுதான் சரி. ஆனால் அடிக்கடி இடம் மாற்றாதீர்கள், மறுபடி கரைந்துவிடும்.

மாடித்தோட்டக்காரி, வில்லிவாக்கம்

இருபத்திரண்டாம் நாள் புது இலை வந்துவிட்டது தம்பி, பழுப்புச் சிவப்பில், சுருட்டிய வெற்றிலைபோல. மூடி கண்ணாடிதான், இரண்டு அங்குலமும் விட்டிருக்கிறேன்.

ஒரு செய்தி. தெருமுனை நாட்டு வாதுமை மரத்தடியில் காய்ந்து விழுந்த இலை ஒன்றைக் கழுவிப் போட்டேன். தண்ணீர் கட்டன் தேநீர் நிறமானது. மூன்றாம் நாள் காலையில் அந்த இலைக்கு அடியில், ஜவ்வரிசி கொட்டியதுபோல நுரைக் கூடு. எங்கள் ஆள் அதைச் சுற்றியே காவல். அக்கா மகன் தினமும் தொலைபேசியில் "குஞ்சு வந்ததா?" என்று கேட்கிறான். வீட்டில் பெண் மீனே இல்லை என்பதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.