வால்வு மாத்திரையோடு 15 வருடம்

எனக்கு இதயத்தில் மைட்ரல் வால்வு மாற்றி 15 வருடம் ஆகிறது. ராஜபாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். சின்ன வயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமுமாக வந்த வாதக் காய்ச்சல் வால்வைச் சுருக்கிவிட்டது என்று 26 வயதில்தான் தெரிந்தது. 2010-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தில், மதுரையில் ஆபரேஷன். வைத்தது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் நம் ஆட்களே உருவாக்கி, 1990-இல் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தியது. அந்த வால்வு இன்றுவரை எனக்கு ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை. பாடெல்லாம் அதற்காகச் சாப்பிடும் மாத்திரையோடுதான்.

செயற்கை வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டிவிடாமல் இருக்கத் தினமும் சாயங்காலம் அசிட்ரோம் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையில் மற்றவர்களுக்கு 1 அளவில் இருக்கும், எனக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் கசியும். எனக்கு ஒரு நாள் ஒரு மாத்திரை, மறுநாள் ஒன்றரை. மாத்திரையோ குன்றிமணி அளவுகூட இருக்காது. துணி வெட்டுகிற மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, பிளேடை நடுவில் வைத்து ஒரே அழுத்து. தெறித்து விழுந்த பாதியைத் தரையில் உட்கார்ந்து தேடிய நாட்கள் எத்தனையோ. சாப்பிட்டதும் காலண்டரில் கோடு போட்டுவிடுவேன். ஒன்றுக்கு ஒரு கோடு, ஒன்றரைக்குப் பெருக்கல் குறி. இல்லையென்றால் 8 மணிக்கு, போட்டோமா இல்லையா என்று மண்டை குழம்பும்.

வீட்டுக்கு அனுப்பும்போது "கீரை கூடாது" என்று மட்டும் சொன்னார்கள். வாசலில் முருங்கை மரம். மூன்று வருடம் ஒரு இலை தொடவில்லை. ஒரு ஆடி மாதம் ஆசை தாங்காமல் நாலு நாள் தொடர்ந்து பொரியலும் அடையுமாகச் சாப்பிட்டேன். அடுத்த பரிசோதனையில் 1.6. கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும், அதனால் கீரையை விட வேண்டாம், வாராவாரம் ஒரே அளவில் சாப்பிடுங்கள், அதற்குத் தகுந்தபடி மாத்திரையை வைத்துக்கொள்ளலாம் என்று அப்போதுதான் ஒரு டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. இப்போது புதன், ஞாயிறு, ஒரு கரண்டி.

பயந்துபோனது 2017-இல். ஈறு வீங்கி, பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குப் போனேன். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையும் ஒரு வலி மாத்திரையும் கொடுத்தார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. பல்வலிக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், மேசை விளிம்பு படுகிற தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. தையலில் ஊசி விரலில் ஏறுவது எனக்குப் பழக்கம். இரண்டு நிமிடம் அழுத்தினால் நின்றுவிடும். அன்று சுற்றிய துணி நனைந்து, அடுத்த துணியும் நனைந்தது. மறுநாள் காலை சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனது. ஐ.என்.ஆர். 7.8. மாத்திரையை நிறுத்தி, வைட்டமின் கே கொடுத்து, நாலு நாள் படுக்க வைத்தார்கள். மெட்ரோனிடசோல் அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டிவிடும், வலி மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம் என்றார்கள். இப்போது சளிக்குப் போனாலும் முதலில் மாத்திரை விவரம் எழுதிய நோட்டைத்தான் நீட்டுகிறேன்.

* * *

அக்கா, நானும் வால்வு வைத்தவள்தான். கல்யாணமான, ஆகப்போகிற தங்கைகளுக்காக இதையும் சேர்க்கிறேன். இந்த வகை மாத்திரைகள் முதல் மூன்று மாதத்தில் கருவைப் பாதிக்கும். நான் குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு முன்பே இதய டாக்டரிடம் சொன்னதால், நாள் தள்ளியதும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசிக்கு மாற்றினார்கள். வயிற்றில் தினமும் இரண்டு ஊசி, தொப்புளைச் சுற்றி நீல நீலமாகத் தழும்பு. அம்மா பார்த்துவிட்டு அழுதார்கள். மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

* * *

அக்கா, உங்களுக்குக் கூடிப்போனது, எனக்குக் குறைந்துபோனது. எனக்கும் மைட்ரல்தான், திண்டுக்கல். பெரியப்பா தவறிய செய்தி வந்ததும் போட்ட சட்டையோடு ஊருக்குக் கிளம்பினேன். மாத்திரை வீட்டில். காரியம் முடிய ஆறேழு நாள் ஆகிவிட்டது. உடம்பு நன்றாகத்தான் இருந்தது, அதுதான் ஏமாற்றிவிட்டது.

திரும்பி வந்து நாலு நாளில் மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. அலைச்சல் என்று நினைத்தேன். ராத்திரி படுத்தபோதுதான் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. வால்வு வைத்த எல்லோருக்கும் தெரியுமே, அந்த 'டிக் டிக்'. அது மங்கி, கம்பளிக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. மனைவியைக் காது வைத்துப் பார்க்கச் சொன்னேன். "சரியாவே கேக்கலைங்க" என்றாள். அப்போதே கிளம்பிவிட்டோம். எக்கோ எடுத்தார்கள், எக்ஸ்ரே திரையில் பார்த்தால் வால்வின் தட்டு பாதிதான் திறந்தது. உறைந்த ரத்தம் பிடித்திருந்தது. அதைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை டிரிப்ஸில் ஒரு நாள் முழுக்க ஏற்றினார்கள். விடியற்காலை சத்தம் திரும்பி வந்ததை முதலில் கேட்டவள் அவள்தான்.

* * *

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மிஷினை மிதிக்க முடியவில்லை. பகலில் இந்த மிஷின் சத்தத்தில் எனக்கு அது கேட்பதில்லை. ராத்திரி கேட்டுவிடக் கூடாது என்றே இத்தனை வருடம் ரேடியோவைப் போட்டுக்கொண்டு தூங்குவேன். நேற்று ரேடியோவையும் ஃபேனையும் நிறுத்திவிட்டு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். தெளிவாகத்தான் கேட்கிறது. அப்புறம் எழுந்து, வெளியூர் போகிற கைப்பையில் பத்து மாத்திரையும் அரை பிளேடும் காகிதத்தில் சுற்றி வைத்தேன்.