செய்யாத வேலைக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது?

ஈசூன்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இருபது வருஷமாக லிஃப்ட் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். வயது 44. ஈசூனில் நாலறை வீடு, வீட்டுக்கடன் இன்னும் 11 வருஷம் பாக்கி. மனைவி பாலர் பள்ளியில் பகுதி நேரமாக வேலை பார்க்கிறார். மூத்த மகள் இந்த வருஷம் ஓ நிலைத் தேர்வு எழுதப் போகிறாள். இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம், "பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே" என்று யாரும் சட்டென்று எழுதிவிடக் கூடாது என்பதுதான்.

போன ஆண்டுக் கடைசியில் எங்கள் கம்பெனி ஒரு பெரிய ஒப்பந்தத்தை மறுபடி எடுத்தது. விலையை ரொம்பவே இறக்கித்தான் எடுத்தார்கள். வெளியில் நிலைமை சரியில்லை, இதுவும் கைவிட்டுப் போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்றார்கள். ஜனவரியில் 14 பேருக்கு ஆட்குறைப்பு. லிஃப்ட் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. முன்பு நானும் என்னோடு சேர்ந்து வேலை பார்க்கும் என் ஜோடியும் ஒரு நாளைக்கு நாலு லிஃப்ட் பார்ப்போம். இப்போது ஒன்பது.

ஒன்பது என்றால் என்ன என்று இந்த வேலையில் இல்லாதவர்களுக்குப் புரிய வேண்டும். சிங்கப்பூரில் ஒவ்வொரு லிஃப்டையும் மாதம் ஒரு முறையாவது பராமரித்தே ஆக வேண்டும், அது விதி. மேலே மெஷின் ரூமில் பிரேக் ஒழுங்காகத் திறந்து மூடுகிறதா, அதில் உரசும் பட்டையான லைனிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, வேகம் மீறினால் பிடித்து நிறுத்துகிற கவர்னர் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே பிட்டில், அதாவது லிஃப்ட் குழியின் அடியில், தண்ணீர் தேங்கியிருக்கலாம். ஒவ்வொரு மாடியிலும் கதவுப் பூட்டு இருக்கிறது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு சீன அங்கிள், 2014-இல் ஓய்வு பெற்றார். லிஃப்டைத் தூக்கும் இரும்புக் கயிற்றைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். லிஃப்டை மெதுவாக ஓடவிட்டு, பருத்தித் துணியைக் கயிற்றில் லேசாகப் படவிட வேண்டும். எங்காவது ஓர் இழை அறுந்திருந்தால் துணி சிக்கும். பெட்டி ஒரு மாடியில் நின்றதும் வாசலில் காலணி நுனியை வைத்துப் பார்ப்பார். பெட்டியின் தரையும் மாடியின் தரையும் சமமாக இல்லையென்றால் காலே சொல்லிவிடும் என்பார்.

அதன் அருமை எனக்கு 2016-இல்தான் முழுசாகப் புரிந்தது. பாசிர் ரிஸில் ஒரு லிஃப்ட் தளத்தைவிட உயர்ந்து நின்றுவிட்டது. மோட்டார் சக்கர நாற்காலியில் பின்னோக்கி வெளியே வந்த முதியவர் ஒருவர் விழுந்து இறந்துபோனார். அந்த லிஃப்டை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த நாள் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அங் மோ கியோவில் எட்டாவது லிஃப்டுக்குப் போகும்போது மாலை ஐந்தரை. மேற்பார்வையாளர் போனில், "மேலே ஏற வேண்டாம், பட்டியலை நிரப்பிவிட்டு அடுத்ததுக்குப் போ" என்றார். பிரேக் என்ற வரிக்கு நேராக நான் டிக் போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன். மெஷின் ரூம் கதவைக்கூடத் திறக்கவில்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் வேலையாக அங்கேதான் போனோம். பிரேக் நன்றாக இருந்தது. அப்படியும் மனசு ஆறவில்லை. அது நன்றாக இருந்ததற்கும் என் கையெழுத்துக்கும் சம்பந்தமே இல்லையே.

மைத்துனர் தனியார் வாடகை கார் ஓட்டுகிறார், வந்துவிடு என்கிறார். வீட்டில், "எங்கே போனாலும் இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். அதுதான் பிரச்சினையே. உங்களில் யாராவது இப்படி ஓர் இடத்தில் நின்றிருக்கிறீர்களா? என்ன செய்தீர்கள்?

மனிதவளம்_பொங்கோல் எழுதியது:

அண்ணா, எது செய்தாலும் ராஜினாமாக் கடிதத்தை மட்டும் கோபத்தில் கொடுத்துவிடாதீர்கள். நான் மனிதவளப் பிரிவில் வேலை பார்ப்பவள், அதனால் காசு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆட்குறைப்புச் செய்யப்பட்டால், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரை சம்பளம் தருவது இங்கே வழக்கம். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, உங்கள் வேலை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். இருபது வருஷத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. நீங்களாக விலகினால் அந்தப் பேச்சே கிடையாது. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டமும் அப்படித்தான். ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும், ஆனால் தங்கள் விருப்பமில்லாமல் வேலை இழந்தவர்களுக்கு மட்டும். சம்பள வரம்பும் உண்டு. 40 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு 2024-இல் கொடுத்த 4,000 வெள்ளி கற்றல் தொகை உங்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் அப்படியே இருக்கலாம், பாருங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். மேற்பார்வையாளர் போனில் சொன்னால், அன்று மாலையே மரியாதையாக ஒரு மின்னஞ்சல்: "இன்று எட்டாவது, ஒன்பதாவது லிஃப்டின் பிரேக்கைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை, எப்போது பார்க்கலாம் என்று சொல்லுங்கள்." அவ்வளவுதான், குற்றச்சாட்டு வேண்டாம். போனில் சொல்வது எளிது. எழுத்தில் "பார்க்காமலே டிக் போடு" என்று பதில் அனுப்ப யாருக்கும் தைரியம் வராது. அப்படியும் மாறவில்லை என்றால் லிஃப்ட் பாதுகாப்பைக் கண்காணிக்கும் கட்டட, கட்டுமான ஆணையம் இருக்கிறது. அங்கே போவதற்குத் தயங்காதீர்கள்.

பதினோராவது மாடி எழுதியது:

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு வருஷம் ஆகிறது. வாரம் மூன்று நாள் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறேன். லிஃப்டுக்குள் பின்னோக்கி இழுத்துத்தான் சக்கர நாற்காலியை ஏற்றுவேன். அந்த வாசல் இடுக்கில் முன்சக்கரம் தட்டாமல் போகிறதா என்று ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். எங்கள் புளோக்கில் ஒழுங்காகத்தான் போகிறது. அதை யாரோ காலணி நுனியால் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஆலோசனை சொல்ல எனக்குத் தெரியாது. நன்றி சொல்ல மட்டும் எழுதினேன்.

செம்பவாங் பெரியவர் எழுதியது:

தம்பி, எனக்கு 71 வயது. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவன். 1985-இல் வந்த மந்தம் உங்களுக்கு நினைவிருக்காது. சுதந்திரத்துக்குப் பிறகு நாடு பார்த்த முதல் பெரிய அடி அது. மறு வருஷம் முதலாளிகள் எங்கள் மத்திய சேம நிதிக்குக் கட்டும் பங்கைச் சம்பளத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 10-க்கு இறக்கினார்கள். ஓவர்டைம் போயிற்று. காலையில் கேட்டில் அட்டை தேய்க்கும்போதே இன்றைக்கு யார் பெயர் என்று வயிறு கலங்கும்.

அப்போது ஒரு கப்பலின் பாலாஸ்ட் தொட்டிக்குள், அதாவது கப்பல் சாயாமல் இருக்கக் கடல்நீர் நிரப்பும் தொட்டிக்குள், வேலை. கனமான தகட்டை ஒரே ஓட்டத்தில் பற்றவைக்க முடியாது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நாலு ஓட்டம் போக வேண்டும், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நடுவே மேலே படியும் கசடைச் சுத்தியலால் கொத்தி, கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும். எடுக்காமல் மேலேயே ஓட்டினால் கசடு உள்ளே அடைபட்டுவிடும். மேலே பெயின்ட் அடித்தபின் யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரே எல்லா இணைப்புக்கும் எடுக்க மாட்டார்கள், அங்கொன்று இங்கொன்றுதான். எங்கள் மேஸ்திரி கெட்டவர் இல்லை. அவரும் பயந்துபோயிருந்தார். "கொத்துகிற நேரத்தை மிச்சம் பிடி" என்றார். நான் கொத்தினேன். ஒரு நாளைக்கு மற்றவர்கள் முடித்ததில் பாதிதான் என்னால் முடிந்தது.

இப்போது நான் சொல்லப்போவது உனக்கு ஆறுதலாக இருக்காது. அந்த வருஷக் கடைசியில் என் பெயரும் வந்தது. மெதுவாக வேலை செய்கிறவன் என்றார்கள். எட்டு மாதம் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கினேன், அப்போது என் மகனுக்கு ஒரு வயது. பிறகு வேறு பட்டறையில் வேலை கிடைத்தது. நான் கொத்தியதை அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கப்பலின் பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது. தொட்டிக்குள் என் இணைப்பு எந்த மூலையில் இருந்தது என்பது மட்டும் மறக்கவில்லை. என் மனைவி இருக்கும்வரை, அந்த எட்டு மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அது எல்லாருக்கும் வாய்க்காது, அதனால் வீட்டில் நன்றாகப் பேசிக்கொள்.

ஒன்று கேட்கிறேன். நீ போய்விட்டால் அந்தப் பட்டியலில் அடுத்து யார் கையெழுத்துப் போடுவார்?

ஓட்டுநர்_உட்லண்ட்ஸ் எழுதியது:

நான் இரண்டு வருஷத்துக்கு முன்பு ஏர்கான் வேலையை விட்டுவிட்டுக் கார் ஓட்ட வந்தவன். நேர்மையாகச் சொல்கிறேன், சோறு போடுகிறது. காலையில் எழுந்ததும் முதலில் கார் வாடகைக்கு ஓட வேண்டும், அப்புறம் பெட்ரோல், அதன்பிறகு வருவதுதான் வீட்டுக்கு. அதைக்கூடத் தாங்கலாம். சின்ன இந்தியா பக்கம் போகும்போது நான் பொருத்திய ஓர் ஏர்கான் இன்னும் ஓடுகிறது, சிக்னலில் நின்றால் அண்ணாந்து பார்ப்பேன். கார் ஓட்டுவதில் அப்படி எதுவும் பின்னால் நிற்பதில்லை. இது என் மனசு, எல்லாருக்கும் அப்படி இருக்க வேண்டும் என்று இல்லை. உங்களுக்கும் தொழில் பிடிக்கும் என்று எழுதியிருப்பதால் சொன்னேன்.

ஈசூன்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது.

பெரியவர் ஐயா கேட்ட கேள்விதான் என்னை உட்கார வைத்தது. நான் போனால் பேனா என் ஜோடியின் கைக்குப் போகும். புதுக்கோட்டைப் பையன், 27 வயது, வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறான். வருவதற்கு ஊரில் வாங்கிய கடனே இன்னும் முடியவில்லை. முடியாது என்று அவன் ஒரு முறை சொன்னால் அடுத்த வாரம் விமானம். எனக்காவது ஈசூனில் வீடு இருக்கிறது. இவ்வளவு நாள் என் தூக்கத்தைப் பற்றி மட்டும்தான் யோசித்திருக்கிறேன்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டிக் போட்டதையும் சேர்த்து. ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு நான் ஆட்குறைப்பு ஆனால் எத்தனை மாதம் தாங்கும் என்று மகளின் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தார். ஏழு மாதம். "சரி, ஏழு மாதம் இருக்கிறது" என்றார்.

போன திங்கட்கிழமையிலிருந்து பார்த்ததற்கு மட்டும் டிக் போடுகிறேன். மீதிக்கு நேராகக் குறிப்புப் பகுதியில் "நேரம் இல்லை, பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். கையெழுத்து என்னுடையது மட்டும், தம்பியைப் போட விடுவதில்லை. மாலையில் மின்னஞ்சல். முதல் நாள் ஆறு லிஃப்ட், மறுநாள் ஐந்து. மேற்பார்வையாளர் இரண்டு முறை கத்தினார், மூன்றாவது நாள் போனே வரவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் பொறியாளர் நேரில் கூப்பிட்டு என் பட்டியல்களைக் கேட்டு வாங்கினார். ஆண்டுச் சோதனை முடித்து இயக்க அனுமதிக்குச் சான்று தருகிற நிபுணர் இந்தப் பதிவுகளையும் பார்ப்பார், அந்தக் கவலை அவருக்கு. வியாழக்கிழமை பேச வரச் சொல்லியிருக்கிறார். என்ன சொல்வார் என்று தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து என்று கேட்கப் போகிறேன்.

நேற்று தம்பிக்குத் துணியை எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். முதலில் ரொம்ப அழுத்திப் பிடித்தான், இழை இருந்தாலும் தெரியாது. நாலாவது கயிற்றில் கை பழகிவிட்டது. ஏழாவது மாடிக்கும் எட்டாவதுக்கும் நடுவே துணி சிக்கியது. இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். ஓர் இழைதான், மாற்றும் அளவுக்கு இல்லை. இடத்தைக் குறித்து வைத்திருக்கிறோம், அடுத்த மாதம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.