சஸ்பெண்டுக்குப் பிறகு ஐ2சி பின்கள் செத்துவிடுகின்றன, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. லினக்ஸ் கெர்னலில் பின்கன்ட்ரோல் டிரைவர் (சிப்பின் ஒவ்வொரு பின்னும் எந்த வேலைக்கு என்று அமைக்கும் நிரல்) எழுதிப் பழகியவர்கள் யாராவது கைகொடுங்கள். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

எங்கள் போர்டில் ஒரு வெப்ப சென்சார் ஐ2சியில் (டேட்டா, கிளாக் என இரண்டு கம்பியில் சிப்புகள் பேசிக்கொள்ளும் முறை) இருக்கிறது. பூட் ஆனதும் அளவு சரியாக வருகிறது. சஸ்பெண்ட் (உறக்கம்) ஆகி எழுந்தால் மட்டும் எதைப் படித்தாலும் -110, அதாவது டைம்அவுட்.

ஆஸிலோஸ்கோப் வைத்துப் பார்த்தேன்: இரண்டு கம்பியும் 3.3 வோல்ட்டில் அசையாமல் நிற்கின்றன, கிளாக் துடிப்பே இல்லை. ஆனால் டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்புகளின் தொகுதி) உள்ள பின்மக்ஸ்-பின்ஸ் கோப்பு, பின்கள் ஐ2சியிடம்தான் இருப்பதாகச் சொல்கிறது. அது கெர்னல் வைத்திருக்கும் கணக்குதான், சிப்பின் நிலை அல்ல என்பது பிறகுதான் உறைத்தது. சிப்பின் ரெஜிஸ்டரை நேரடியாகப் படித்தால் மக்ஸ் மதிப்பு (பின் எந்த வேலைக்கு என்று குறிக்கும் எண்) 0. இருக்க வேண்டியது 3. உறக்கத்தில் அந்தப் பகுதிக்கு மின்சாரம் நின்றுவிடுகிறது.

ரெஸ்யூமில் (எழும்போது) பின்களின் டிஃபால்ட் நிலையை மறுபடி தேர்வு செய்ய வைத்தேன். பலனில்லை. ஏற்கெனவே அதே நிலையில்தான் இருக்கிறோம் என்று எண்ணி, கெர்னல் ரெஜிஸ்டரைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளை விவரிக்கும் கோப்பு) ஸ்லீப் என்று தனி நிலை சேர்த்தால் வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு டிவைசுக்கும் இப்படிச் சேர்ப்பது ஒட்டுப்போடும் வேலையாகத்தான் எனக்குப் படுகிறது.

பின்கன்ட்ரோலர் டிரைவரிலேயே ரெஜிஸ்டர்களைச் சேமித்து மீட்பதுதான் முறை என்று நினைக்கிறேன். அதை நோ-ஐஆர்க்யூ கட்டத்தில் (டிவைஸ் இன்டரப்ட்கள் அடைபட்டிருக்கும் கட்டம்) வைத்தால், மற்ற டிரைவர்கள் எழுவதற்குள் முடிந்துவிடுமா? விழிப்பு இன்டரப்ட் (உறக்கத்திலிருந்து எழுப்பும் சிக்னல்) உள்ள பின்களில் மீட்கும்போது பொய்யாக ஓர் இன்டரப்ட் கிளம்பாமலிருக்க எந்த வரிசையில் எழுதுகிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.