பேர்ஜ் வால்வு: ‘வெளியேற்று வால்வு’ வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் வாகனச் சொற்பட்டியலில், பெற்றோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும் பேர்ஜ் (purge) வால்வுக்கு ‘வெளியேற்று வால்வு’ என்று போட்டவன் நான். அதை எடுத்துவிடச் சொல்லி நானே இப்போது எழுதுகிறேன்.

போன கிழமை பெற்றோல் அடித்த கையோடு திறப்பைத் திருப்பினால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பிறகு எஞ்சின் விளக்கும் எரிந்தது. ஸ்கானரில் பி0441, அதாவது பேர்ஜ் வழியே ஆவி போவது சரியில்லை என்ற பிழைக்குறி. உப்புவெளியில் வீட்டு முற்றத்தில் வைத்துத் தம்பியிடம் ‘வெளியேற்று வால்வைக் கழற்று’ என்றேன். அவன் நேரே பின்பக்கம் போய், தாங்கிக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்து, வெளிக்காற்றை உள்ளே விடும் வென்ட் (vent) வால்வைக் கழற்றிக்கொண்டு வந்தான். வாயால் ஊதினான், காற்று தாராளமாகப் போனது. “இதுதான் பழுது” என்றான். மின்சாரம் இல்லாதபோது வென்ட் வால்வு திறந்துதான் இருக்கும், பேர்ஜ் வால்வுதான் மூடியிருக்க வேண்டும். பிழை அவனில் இல்லை, என் சொல்லில்.

தாங்கியில் எழும் பெற்றோல் ஆவியைக் கரி நிரப்பிய கலம் பிடித்து வைக்கிறது. எஞ்சின் ஓடும்போது பேர்ஜ் வால்வு திறக்க, எஞ்சின் அந்த ஆவியை இழுத்து எரித்துவிடுகிறது. அந்த நேரம் வென்ட் வழியே உள்ளே வருவது வெளிக்காற்று. ஆவி வெளியேறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடே, அதில் போய் ‘வெளியேற்று’!

ஆகவே பேர்ஜுக்கு ‘ஆவியூட்டு வால்வு’, வென்ட்டுக்கு ‘காற்றுவாய் வால்வு’. கலத்துக்கு ஒருவர் சொன்ன ‘கரிக்குதம்’ சரிவராது. திருகோணமலையில் குதம் என்றால் சீனன்குடாவில் நிற்கும் 99 எண்ணெய்க் குதங்கள்தான் கண்ணில் வரும். உயிரியல் படித்த பிள்ளைகள் வேறு சிரிப்பார்கள். ‘கரிக்கலம்’ போதும். முழுத் தொகுதிக்கு ‘ஆவிப்புகைக் கட்டுப்பாடு’ என்பதும் வேண்டாம். புகைப் பரிசோதனைக்குப் போனால் பார்ப்பது பின்குழாயைத்தான். ‘ஆவி மீட்புத் தொகுதி’ என்கிறேன்.

*

உவர்மலையிலிருந்து ஒரு அண்ணையின் பதில்:

தம்பி, ‘ஆவியூட்டு’ நல்ல சொல். ஆனால் கராஜில் பேர்ஜ் என்றுதான் சொல்வார்கள், அதையும் பக்கத்தில் போட்டு வையுங்கள். கரி ஆவியை ‘உறிஞ்சுகிறது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆவி கரியின் மேற்பரப்பில் ஒட்டி நிற்கிறது, நம் பாடப்புத்தகச் சொல் ‘புறத்துறிஞ்சல்’. அதனால்தான் காற்று இழுத்தால் விட்டுவிடுகிறது. பம்ப் ‘டக்’ என்று நின்ற பிறகும் அடித்து நிரப்பினால் திரவப் பெற்றோலே கலத்துக்குள் போய்க் கரி கெட்டுவிடும், அதையும் விளக்கத்தில் சேர்க்கலாம்.

அது சரி, ஆவியூட்டு வால்வை ஊதிப் பார்த்தீர்களா?

*

பார்த்தேன் அண்ணை. காற்றுப் போனது. மாற்றியாயிற்று.