எலி தேறிச்சா, தேறலையா?

பாலக்கோட்டான்: எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் போட்டிருக்கார்: "எலிக்கு அடினைன்ங்கற ரசாயனம் கலந்த தீவனம் 4 வாரம் போட்டு கிட்னியைக் கெடுத்தாங்க. பழைய தீவனத்துக்கு மாத்தினதும் தேறிச்சு. அதேபோல 48 நாள் ராகிக்களியும் கொள்ளுச்சாறும் சாப்பிட்டா டயாலிசிஸே வேண்டாம்." படிச்சதுல இருந்து வயிறு எரியுது. எங்க சித்தப்பா இதை நம்பிட்டு வீட்ல உட்கார்ந்துட்டார்.

களிமேட்டுக்காரன்: போட்டது நான்தான். எலி தேறிச்சா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

அரூர் எலிக்கூண்டு: தேறல. ஒரு காலேஜ்ல 6 வருஷம் எலிகளைப் பார்த்துக்கிட்டவன் நான். 1 கிலோ தீவனத்துக்கு 7.5 கிராம் அடினைன், அதாவது 0.75 சதவீதம். ஜப்பான்காரங்க 1980கள்லயே செஞ்ச முறை. அது உடம்புக்குள்ள டைஹைட்ராக்ஸிஅடினைனா மாறி, கிட்னியோட நுண்குழாய்ல படிகமா உறைஞ்சு அடைச்சுக்கும். அறுத்துப் பார்த்தா கிட்னி வெளிறிப் பெருத்துக் கிடக்கும். தீவனத்தை மாத்தினா புதுப் படிகம் சேராது, கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்துல இறங்கும். ஆனா தழும்பு விழுந்த இடம் தழும்புதான். கிட்னிக்குள்ள ரத்தத்தை வடிகட்டுற நெஃப்ரான் செத்தா, அதுக்குப் பதிலா புதுசு முளைக்காது.

களிமேட்டுக்காரன்: கிரியேட்டினின் இறங்கும்னு உங்க வாயாலயே வந்துருச்சு. இறங்கினா தேறிச்சுன்னுதானே?

அரூர் எலிக்கூண்டு: இல்லவே இல்லை. கிட்னியோட வேலை பாதி போற வரைக்கும் கிரியேட்டினின் பெருசா ஏறாது. அந்த நம்பரை வெச்சு தேறிச்சுன்னு எவன் சொன்னான்? நீங்க எலியைக் கையில தொட்டிருக்கீங்களா?

களிமேட்டுக்காரன்: எலி பிடிக்க உங்க சர்டிபிகேட் வேணுமா? தேறிச்சு. அவ்வளவுதான்.

மாந்தோப்பு: களிமேட்டு அண்ணன் சொல்றதுல நியாயம் இருக்கு. 1939ல கிரிஃபித், வேட்னு ரெண்டு பேர் குட்டி எலிகளுக்குக் கோலின்ங்கற சத்து இல்லாத தீவனம் போட்டாங்க. ஒரே வாரத்துல கிட்னி ரத்தம் கட்டிப் போச்சு. நேரத்துல கோலின் குடுத்தா பிழைச்சுக்கும். முட்டை மஞ்சக்கருவுல இருக்கிற அதே கோலின்.

அரூர் எலிக்கூண்டு: பாதியைப் படிச்சுட்டு வந்துட்டீங்க. 1949ல ஹார்ட்ராஃப்டும் பெஸ்ட்டும் எழுதினதையும் படிங்க. பெஸ்ட்னா இன்சுலின் கண்டுபிடிச்சவர்ல ஒருத்தர். குட்டியில ஒரு வாரத்துக்கும் குறைவா கோலின் இல்லாம இருந்து பிழைச்ச எலிகளுக்கு, பின்னால ரத்தக் கொதிப்பு வந்துச்சு. கிட்னியில விழுந்த காயம்தான் காரணம். இதுக்குப் பேர் தேறினதா?

மாந்தோப்பு: உயிரோட இருந்துச்சில்ல? போன சீசன்ல கல்லு வெச்சுப் பழுக்க வெச்ச மாங்காயைப் பத்திப் பேசினப்பவும் இப்படித்தான் எல்லாரையும் முட்டாளாக்கினீங்க.

அரூர் எலிக்கூண்டு: அன்னைக்கும் நான் சொன்னதுதான் சரி.

பென்னாகரத்துப் பொண்ணு: எலியை விடுங்க. நம்ம தருமபுரி ஜில்லாவுல போர் தண்ணியில பல்லு, எலும்பைக் கெடுக்கிற ஃபுளோரைடு அதிகம். அதுக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்துச்சு? ஃபுளோரைடை வெளியேத்துறதே கிட்னிதான், அது கெட்டா உடம்புலயே தங்கிடும். எங்க தெருவுல இன்னும் போர் தண்ணிதான். அதைப் பத்தி ஒருத்தரும் பேசல.

மாந்தோப்பு: எங்க ஊர்ல மட்டும் தினம் வருதா? உங்க பக்கம் டேங்காவது கட்டினாங்க.

பென்னாகரத்துப் பொண்ணு: டேங்க் இருந்தாப் போதுமா? தண்ணி யார் விடுறது?

களிமேட்டுக்காரன்: பேச்சை மாத்தாதீங்கம்மா. எலி தேறிச்சு. எங்க பாட்டி களி தின்னு 90 வயசு வரைக்கும் நடந்தாங்க.

அரூர் எலிக்கூண்டு: உங்க பாட்டிக்குக் கிட்னி நல்லா இருந்துச்சு, களி செரிச்சுச்சு. கெட்டுப்போன கிட்னிக்காரருக்குக் கொள்ளு குடுத்தா அதுல இருக்கிற பொட்டாசியம் எங்க போகும்? எலிக்கு அடினைனை நிறுத்தினோம், அடைப்பு நின்னுச்சு. சர்க்கரையாலயும் கொதிப்பாலயும் வருஷக்கணக்கா சுருங்கின மனுஷக் கிட்னிக்கு எதை நிறுத்தப் போறீங்க? என் தாய்மாமனும் இதே மாதிரி ஒருத்தர் பேச்சைக் கேட்டு மூணு டயாலிசிஸ் விட்டார். மூச்சு வாங்கி நடுராத்திரி ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டு ஓடினோம். பாலக்கோட்டான் தம்பி, சித்தப்பாவை இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. பொட்டாசியம் ஏறினா நெஞ்சு நின்னுரும்.

பாலக்கோட்டான்: சொல்லிப் பார்த்துட்டேங்க. "எலியே தேறிச்சு"ங்கறார்.

களிமேட்டுக்காரன்: பார்த்தீங்களா, பெரியவருக்குப் புரியுது. படிச்சவருக்குத்தான் புரியல.

அரூர் எலிக்கூண்டு: தேறல. தேறல. தேறல. அறுத்துப் பார்த்த கை இது.

களிமேட்டுக்காரன்: அறுத்தா எப்படி தேறும்?